விற்ற பிறகும் என் பேரில் ஓடிய கார்

பழைய கார் வாங்க வருகிறவர் டயரை உதைத்துப் பார்ப்பார், பானெட்டைத் திறந்து பார்ப்பார், டிக்கிக்குள் தலையை விட்டு முகர்ந்துகூடப் பார்ப்பார், ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்று மட்டும் பார்க்கமாட்டார். அவர் பார்க்காமல் விட்ட அந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் பதினோரு வருஷமாக என் வீட்டில் உலை கொதிக்கிறது. திருத்தணியில், வண்டிப் பதிவு அலுவலகத்துக்குப் போகிற வழியில், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின் வைத்துக் கடை நடத்துகிறேன். பெயர் மாற்றம், முகவரி மாற்றம், லோன் நீக்கம் என்று ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஜெராக்ஸைச் சுலோசனா அக்கா பார்த்துக்கொள்கிறார். மெஷினை நிறுத்தினாலும் அவர் வாயை நிறுத்த முடியாது.

எங்கள் ஊரில் பஸ் ஏறி, டிக்கெட் வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் ஆந்திரா வந்துவிடும். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு பக்கமும் நடக்கும். கார் விற்பதும் அப்படித்தான். ஒரே மாநிலத்துக்குள் கை மாறினால் பெயர் மாற்றக் கட்டணத்தோடு தீர்ந்தது. எல்லை தாண்டிக் கை மாறினால், பழைய மாநிலத்தில் ஆட்சேபணை இல்லை என்று என்.ஓ.சி. வாங்க வேண்டும், புது மாநிலத்தில் ஆயுள் வரியைத் திரும்பக் கட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் புது நம்பர். இந்த வரியைச் சொன்னதும் எதிரே உட்கார்ந்திருப்பவர் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அந்தப் பணத்தை நானே வீட்டுக்கு எடுத்துப் போவது மாதிரி இருக்கும்.

பழைய கார் வாங்கி, விற்று, அலைந்து நொந்த சக பாவிகளே, மற்றவர்கள் கதையைச் சொல்வதற்கு முன்னால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். என்னைத் திட்டி முடித்துவிட்டு நீங்கள் நிம்மதியாகப் படிக்கலாம்.

தட்டில் வைத்த சாவி

என் அக்கா சரஸ்வதியை ஆந்திரப் பக்கம் நகரியில் கொடுத்திருக்கிறது. அக்கா வீட்டுக்காரரை எங்கள் பக்கத்து வழக்கப்படி பாவா என்றுதான் கூப்பிடுவேன். ஜவுளி வியாபாரம் செய்கிறார். நான் ஏழு வருஷம் ஓட்டிய வெள்ளைக் காரை அவர் விலைக்குக் கேட்டார். பேசிய பணத்தைப் பைசா குறைக்காமல் வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்து அக்கா கையால் கொடுத்தார். நானும் அதே தட்டில் சாவியை வைத்துக் கொடுத்தேன். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். ஆளுக்கொரு தட்டில் கேசரி. அந்த இடத்தில் போய், "பாவா, உங்க ஊர்ல வரி கட்டி உங்க பேருக்கு மாத்திக்குங்க" என்று எப்படிச் சொல்வது? கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பாட்டுக்கு பில் கேட்ட மாதிரி இருந்திருக்கும். வாயை மூடிக்கொண்டு ஃபாரம் இருபத்தொன்பது, ஃபாரம் முப்பது இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்குகிறவர் பெயர் எழுதவில்லை, தேதி போடவில்லை. இப்படி வெறும் கையெழுத்தோடு கொடுப்பதற்கு எங்கள் தொழிலில் 'ஓப்பன்' என்று பெயர். வாங்கியவர் தனக்கு வசதியான நாளில் நிரப்பிக்கொள்ளலாம். அந்த வசதியான நாள் யாருக்கும் வந்து நான் பார்த்ததில்லை.

இதில் என்ன ஆபத்து என்று தினமும் நாலு பேருக்குச் சொல்கிறவன் நான். கார் யார் கையில் இருந்தாலும் ஆர்.சி.யில் பெயர் இருப்பவன்தான் சட்டத்துக்கு ஓனர். அது யார் மீதாவது மோதினால் நஷ்டஈட்டு சம்மன் ஓனர் வீட்டுக்குத்தான் வரும். ஓட்டியவனுக்கு லைசென்ஸ் இல்லையென்றால் இன்சூரன்ஸ்காரர்கள் கட்டிவிட்டு, அந்தத் தொகையை ஓனரிடம் வசூலிப்பார்கள். என்னிடம் வசூலிக்க இருப்பது ஒரே ஒரு வீடு. லோன் போட்டுக் கட்டியது. மாடி இன்னும் பூசக்கூட இல்லை. என் மனைவி கோமதி காலையில் காப்பி கொடுக்கும்போதெல்லாம் பேர் மாற்றியாச்சா என்று கேட்க ஆரம்பித்தாள். ஒரு மாதம் பொறுத்து, ஃபோனில் பாவாவிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். அவர் சிரித்துவிட்டுக் கேட்டார்: "நம்ம வூட்டுக்குள்ள இந்த ரூம்ல இருந்து அந்த ரூமுக்கு பீரோவ நகர்த்தினா, கவர்மெண்ட்டுக்கு வரி கட்டுவியாடா?"

பதினெட்டு சதவீதம்

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரும் அவர் எதிர்வீட்டு மளிகைக் கடைக்காரரும் ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். இறங்கியதுமே ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வாத்தியார் தன் காரை மளிகைக்காரருக்கு விற்றிருக்கிறார். பணம் கொடுக்கும்போது மளிகைக்காரர் பேசிய விலையில் பதினெட்டு சதவீதத்தைப் பிடித்துக்கொண்டார். பழைய கார் விற்றால் பதினெட்டு சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு என்று அவருக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. வரியை நான் கட்டிவிடுகிறேன் என்று பெரிய மனது பண்ணியிருக்கிறார். எங்கே கட்டினீர்கள் என்று வாத்தியார் கேட்டிருக்கிறார். அதற்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று இவர் சொல்லியிருக்கிறார்.

நான் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். அது பழைய கார் வாங்கி விற்பதையே வியாபாரமாகப் பதிவு செய்துகொண்டு நடத்துகிறவர்களுக்கு. அதுவும் அவர்களுக்குக் கிடைக்கிற லாபத்தின் மேல். வீட்டுக்காரர் வீட்டுக்காரருக்கு விற்பதில் அந்த வரி கிடையாது. ஊருக்குள்ளேயே விற்றால் ஆயுள் வரியும் திரும்பக் கிடையாது. பெயர் மாற்றக் கட்டணம் மட்டும்தான். இதை மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை வாத்தியார் என்னோடு சேர்ந்து மனப்பாடமாகச் சொன்னார். மளிகைக்காரர் செல்லைத் திறந்து, அந்தச் செய்தியை எட்டுக் குரூப்பில் இருந்து தனக்கு அனுப்பியிருப்பதைக் காட்டினார். கடைசியில் பாதி மனதோடு பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டு எழுந்தவர், வாசலில் நின்று கேட்டார்: "இத்தினி பேர் ஃபார்வர்டு பண்ணிகினு கீறாங்க, நீங்க ஒருத்தர் மட்டும் இல்லேன்றீங்க. யாரை சார் நம்புறது?"

எழுத்து மட்டும் மாறிய வண்டி

பள்ளிப்பட்டில் தறி ஓட்டும் முனிரத்தினம் இன்சூரன்ஸ் புதுப்பிக்க வந்தார். காரை வாசலிலேயே நிறுத்தியிருந்தார். ஆந்திரப் பக்கத்துப் புத்தூரில் வாங்கியதாம். வாங்கிய கையோடு எங்கள் ஊர் முருகன் மலைக்குக் கொண்டுபோய், பூஜை போட்டு, நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கி எடுத்து வந்திருக்கிறார். பானெட்டில் சந்தனம் காயவில்லை. நான் எட்டி நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். தமிழ்நாட்டு நம்பர். பரவாயில்லையே, வரி கட்டி மறுபதிவு செய்த பிறகு மலையேறிய முதல் மனிதர் என்று எனக்கு ஒரே சந்தோஷம். மறுபதிவு எப்போது ஆனது என்று கேட்டேன். நேற்று சாயந்திரம் என்றார். எங்கே என்றேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் என்றார்.

அப்போதுதான் விஷயம் விளங்கியது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போர்டு எழுதும் பெயின்டர் இருக்கிறார். ஆந்திராவைக் குறிக்கும் எழுத்தையும் மாவட்ட எண்ணையும் சுரண்டிவிட்டு, அந்த இடத்தில் எங்கள் மாவட்டத்தை எழுதி, மிச்ச நம்பரை அப்படியே விட்டிருக்கிறார்கள். முனிரத்தினம் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. வண்டி ஊர் மாறினால் ஊர் எழுத்து மாற வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்திருக்கிறார். அந்த நம்பரைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினேன். அது ஒரு சரக்கு லாரியின் நம்பர் என்று வந்தது. அந்த லாரி எங்கேயாவது இடித்துவிட்டு ஓடினால் உங்கள் வாசலுக்குப் போலீஸ் வரும் என்றதும் அவருக்கு வியர்த்துவிட்டது. உடனே பழைய எழுத்தைத் திரும்ப எழுதிக்கொண்டு, புத்தூர்க்காரரைப் பிடித்து என்.ஓ.சி. வாங்குங்கள், பிறகு இங்கே ஆயுள் வரி கட்டலாம் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். வரி எவ்வளவு வரும் என்றார். உத்தேசமாகச் சொன்னேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நிஜமான வருத்தத்தோடு சொன்னார்: "பெயின்டர் நூத்தம்பது ரூபாய்க்கு அடிச்சான் சார். அதே ரெண்டு எழுத்துக்கு கவர்மெண்ட்டு இன்னா இவ்ளோ கேக்குது?"

பிரீமியம்

என் காருக்கு இன்சூரன்ஸ் முடிகிறது என்று எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. பாவாவுக்கு அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்தி ஒரு படம் பதிலாக வந்தது. முடிகிற நாளுக்கு முந்தைய நாள் கேட்டபோது, ஆடித் தள்ளுபடி ஓடிக்கொண்டிருக்கிறது, கடையில் தலைக்கு மேல் வேலை, பார்க்கலாம் என்றார். அவருக்குப் பார்க்கலாம். மோதினால் பார்க்கப்போவது நான் அல்லவா? கோமதி தூங்கவில்லை, என்னையும் தூங்கவிடவில்லை. மறுநாள் கடை திறந்ததும் முதல் வேலையாக, நான் விற்ற காருக்கு, நான் ஓட்டாத காருக்கு, என் கையால் பிரீமியம் கட்டினேன். சாயந்திரம் வீட்டில் சொன்னபோது கோமதி காய் நறுக்குவதை நிறுத்தாமல் சொன்னாள்: "வெளியூர்ல படிக்கிற புள்ளைக்கு பீஸ் கட்றா மாதிரி கட்டுறீங்க. அதுவாவது லீவுக்கு வூட்டுக்கு வரும்."

தெளிவான அம்மா

எல்லோரும் இப்படி இல்லை. பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் கரும்பு வைத்திருக்கும் அம்மா ஒருவர், தன் பெயரில் இருந்த காரை எல்லைக்கு அந்தப் பக்கம் நாகலாபுரத்துக்காரர் ஒருவருக்கு விற்க வந்தார். வாங்குகிறவரும் கூட வந்திருந்தார். வரும்போதே ஃபாரங்களை வாங்கி, அம்மா எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலில் புள்ளி வைத்துக்கொண்டு வந்திருந்தார். மற்ற இடமெல்லாம் காலி. அம்மா, மாமி, பெரியம்மா என்று வரிசையாக எல்லா உறவும் சொல்லி அழைத்துப் பேனாவை நீட்டினார்.

எனக்கு எங்கிருந்துதான் வேகம் வந்ததோ தெரியவில்லை. பேனாவைப் பிடுங்கி மேஜைமேல் வைத்துவிட்டு அரை மணி நேரம் பேசினேன். வெறும் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும், சம்மன் எப்படி வரும், நிலத்தை எப்படி ஜப்தி செய்வார்கள், எல்லாம் சொன்னேன். அந்த அம்மா ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டு, என்.ஓ.சி.க்கு இப்போதே போடு, வாங்குகிறவர் பெயரை என் கண்ணெதிரில் எழுது, அங்கே வரி கட்டின ரசீதைக் காட்டினால்தான் சாவி என்று சொல்லிவிட்டு, சாவியைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். நாகலாபுரத்துக்காரர் ஓரமாக உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். ஜெராக்ஸ் பக்கம் சுலோசனா அக்கா இருமியது எனக்கு மட்டும்தான் புரிந்தது. அவருக்கு என் வெள்ளைக் கார் கதை முழுக்கத் தெரியும். கிளம்பும்போது அந்த அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு, அவ்வளவு மரியாதையாகச் சொன்னார்: "உங்கள மாதிரி வெவரமானவங்க கையில ஒரு வண்டி இருந்து, அத நீங்க வித்தா, எவ்ளோ கச்சிதமா வித்திருப்பீங்க."

கல்யாண மண்டபத்து கேட்

ஒரு முகூர்த்த நாள் காலை பத்து மணி இருக்கும். தெரியாத நம்பரில் இருந்து ஃபோன். தெலுங்கில் ஒரு கனத்த குரல், தணிகாசலமா என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டது. ஆமாம் என்றேன். ஆந்திரப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன் ஒன்றின் பெயரைச் சொல்லிவிட்டு, என் கார் நம்பரை ஒவ்வொரு இலக்கமாகப் படித்து, இது உன் வண்டியா என்று கேட்டது.

யார் செத்தார்கள், எத்தனை பேர், குழந்தையா என்றுதான் மனசு ஓடியது. வீடு போகும் என்ற பயம்கூட அதற்குப் பிறகுதான் வந்தது. சுலோசனா அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். ஆமாம் சார், என் பேரில்தான் இருக்கிறது என்றேன். உடனே அந்தக் குரல் திட்ட ஆரம்பித்தது. கல்யாண மண்டபத்து கேட்டை அடைத்துக்கொண்டு வண்டியை நிறுத்திவிட்டு எங்கே தொலைந்தாய், மாப்பிள்ளை குதிரைமேல் வெயிலில் நிற்கிறார், ஐந்து நிமிஷத்தில் வந்து எடு என்றது. நான் திருத்தணியில் இருந்துகொண்டு தெலுங்கில் மன்னிப்புக் கேட்டேன். இன்னொரு தடவை கேட்டேன். எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் ஏதோ ஒன்று வந்தது. கடைசியில் பெண் வீட்டார் பத்துப் பேர் சேர்ந்து காரைத் தள்ளிவிட்டார்களாம்.

உடனே பாவாவைக் கூப்பிட்டேன். அவர் நகரியில் தன் கடையில் நிம்மதியாக இருந்தார். எந்தக் கார் என்று கேட்டார். சொன்னேன். அதை விற்று மூன்று மாதம் ஆகிறதே என்றார். புத்தூரில் ஒரு ஜவுளி நண்பருக்கு விற்றிருக்கிறார். அந்த நண்பர் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டாராம். யாருக்கு என்று இவருக்குத் தெரியாது. பெயர் மாற்றினீர்களா, வரி கட்டினீர்களா என்று கேட்டேன். அதெல்லாம் எதற்கு, நீ போட்டுக் கொடுத்த இரண்டு ஃபாரத்தையும் அப்படியே கொடுத்துவிட்டேன் என்றார். நான் பாவாவிடம் குரல் உயர்த்திப் பேசியது வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான். போலீஸில் எழுதிக் கொடுத்துவிடுவேன் என்றுகூடச் சொன்னேன். எழுதிக் கொடுத்தால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். என் அக்கா அதற்குப் பிறகு என் வீட்டு வாசல் மிதிக்கமாட்டாள். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கத்தி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னார்: "உன் கையெழுத்துக்கு இந்தப் பக்கம் நல்ல மதிப்புடா. பார்த்தவன் ஒருத்தன்கூட ஒரு கேள்வி கேக்கல."

நல்ல மனுஷன்

அதற்குப் பிறகு நான்கு மாதம், தெரியாத நம்பரில் இருந்து ஃபோன் வந்தால் எடுப்பதற்கு முன்னால் வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துகொள்வேன். புத்தூர் நண்பரை நேரில் போய்ப் பார்த்தேன். அவர் மோர் கொடுத்தார். அடுத்த ஆளின் பெயரைக் கொடுக்கவில்லை, மறந்துவிட்டது என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கனகம்மாசத்திரத்தில் ரோட்டோரமாக டிபன் கடை வைத்திருப்பவர் ஒருவர் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். பழைய கார் ஒன்று வாங்கினாராம். வரும் வழியில் போலீஸ் நிறுத்தி, ஆர்.சி.யில் வேறு பெயர் இருக்கிறதே என்று கேட்டிருக்கிறார்கள். அதனால் ஏதாவது செய்ய வேண்டும், ஆனால் அதிகமாகச் செய்யக்கூடாது, அதற்கு ஒரு வழி சொல்லுங்கள் என்றார். ஆந்திரா வண்டியா என்று கேட்டேன். வாங்கியது ஆந்திராவில், வண்டி தமிழ்நாட்டு வண்டிதான் என்றார். அப்படியானால் உங்களுக்கு ஆயுள் வரி கிடையாது, பெயர் மாற்றக் கட்டணம்தான், பழைய ஓனர் செல்லுக்கு ஓ.டி.பி. போகும், அவர் அந்த எண்ணைச் சொன்னால் முடிந்தது என்றேன். அங்கேதான் சிக்கல் என்றார். ஓனரை அவருக்குத் தெரியாது. நடுவில் மூன்று கை மாறியிருக்கிறது. ஓனர் இல்லாமல் முடிக்க முடியுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

நம்பரைச் சொல்லுங்கள், பார்க்கலாம் என்றேன். அவர் முதல் பாதியைச் சொன்னார். மிச்சத்தை அவர் சொல்வதற்குள் என் விரல்கள் அடித்துவிட்டன. திரையில் ஓனர் பெயர் நடுநடுவே நட்சத்திரம் போட்டு வந்தது. நட்சத்திரத்துக்கு அடியில் என்ன எழுத்து இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வாசலை எட்டிப் பார்த்தேன். வெள்ளைக் கார். பின்கண்ணாடியில் என் மகள் ஒட்டிய வேல் ஸ்டிக்கர்கூட அப்படியே இருந்தது. அவர் கவரைப் பிரித்து இரண்டு ஃபாரத்தை எடுத்து வைத்தார். நாலாக மடித்து, ஓரத்தில் எண்ணெய்க் கறை. என் கையெழுத்து இரண்டு. வாங்குகிறவர் பெயர் எழுத வேண்டிய இடம் இன்னும் காலி.

அந்த ஓனரைப் பற்றி உங்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். ரொம்ப நல்ல மனுஷன் என்று சொன்னார்களாம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு சரி, திரும்பியே பார்க்கவில்லையாம். சுலோசனா அக்கா ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தினார். நான் அவருடைய ஆதாரை வாங்கினேன், விவரங்களை அடித்தேன், ஓ.டி.பி. அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். மேஜைமேல் இருந்த என் செல் ஒலித்தது. எண்ணைப் பார்த்து அடித்தேன். உங்கள் செல்லுக்கு ஏன் வருகிறது என்று கேட்டார். என் ஆதாரை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் ஆதாரைப் பார்த்தார், ஃபாரத்துக் கையெழுத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். சங்கடப்படுவார், எழுந்து நிற்பார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஓனரும் நீங்களே, எழுதிக் குடுக்கிறவரும் நீங்களே. அப்பால பேரு எதுக்கு சார் மாத்தணும்?" என்று கேட்டார்.

அவரை நான் நாற்காலியில் இருந்து எழவிடவில்லை. கட்டணத்தைக் கிருத்திகை கழித்துத் தருகிறேன் என்றார். கிருத்திகைக்குப் பிறகு அவர் எந்தப் பக்கம் போவார் என்று எனக்குத் தெரியும். என் கார்டிலேயே கட்டினேன். கூலி வாங்கவில்லை. சுலோசனா அக்கா ஜெராக்ஸுக்குக் காசு வாங்கவில்லை. பதினோரு வருஷத்தில் அது ஒன்றுதான். காலி இடத்தில் அவர் பெயரை நானே பெரிய எழுத்தில் எழுதி, அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். பத்து நாளில் அவர் பெயரில் புது ஆர்.சி. வந்தது. கம்ப்யூட்டரில் நம்பரைப் போட்டு, இப்போது வந்த நட்சத்திரங்களுக்கு நடுவே என் எழுத்து ஒன்றுகூட இல்லை என்று கோமதிக்குப் படம் அனுப்பினேன். அன்றைக்கு இரண்டு வருஷத்துத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினேன். பாவாவுக்கும் ஃபோன் செய்து சொன்னேன், கொஞ்சமாவது குத்தட்டும் என்று. அவர் சந்தோஷமாக, அக்காவுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்: "ஆங், பார்த்தியா? ஆந்திராவுல ஒரு பைசா வரி இல்லாம முடிஞ்சுபோச்சு. அவசரப்படாதடான்னு நான் அப்பவே சொல்லிகினுதான இருந்தேன்."

சக பாவிகளே, என் கார் தானாகவே வழி கண்டுபிடித்து என் கடை வாசலில் வந்து நின்றதால் நான் தப்பித்தேன்; உங்கள் காருக்கும் அவ்வளவு புத்தி இருக்கும் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.